அறுபத்து நான்காம் கேள்வி

எல்லாக் கொக்குகளும் நாற்காலிகள். சில நாற்காலிகள் ஆறுகள்.

தேர்வு அறையில் இந்த இரண்டு வரிகளைப் படித்தபோது தேத்ரி குமாரிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு வருடமாக இந்த மாதிரி வரிகளோடுதான் அவள் குடித்தனம். கொக்கு எப்படி நாற்காலியாகும் என்று கேட்கிறவன் தேர்வுப் பயிற்சிக் கூடங்கள் நிறைந்த பட்னாவின் முசல்லாபூர் ஹாட்டில் ஒரு வாரம் தாங்க மாட்டான். கொடுத்ததை நம்பு, கொடுக்காததைத் தொடாதே. அவ்வளவுதான் சட்டம்.

கீழே இரண்டு முடிவுகள் இருந்தன. ஒன்று: சில கொக்குகள் ஆறுகள். இரண்டு: எந்த ஆறும் கொக்கு அல்ல.

கொக்குகளெல்லாம் நாற்காலிக் கூட்டத்துக்குள் இருக்கின்றன. அந்தக் கூட்டத்தின் ஏதோ ஒரு பக்கத்தில் ஆறுகளும் இருக்கின்றன. கொக்கும் ஆறும் தொட்டுக்கொள்கின்றனவா என்று யாரும் சொல்லவில்லை. ஒரே ஒரு இடத்தில் தொட்டாலும் முதல் முடிவு சரி. எங்குமே தொடாவிட்டால் இரண்டாவது சரி. மூன்றாவதாக ஒரு நிலைமை இந்த உலகத்திலும் இல்லை, கொக்குகள் நாற்காலியாக இருக்கும் அந்த உலகத்திலும் இல்லை. ‘இரண்டில் ஒன்று சரி’ என்ற மூன்றாம் வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு அவள் அடுத்த கேள்விக்குப் போனாள்.

நாற்பது நாள் கழித்து அரசு வேலைத் தேர்வாணையத்தின் தற்காலிக விடைக்குறிப்பு வந்தது. அறுபத்து நான்குக்கு நேராக நான்கு என்று போட்டிருந்தது. நான்கு என்றால், இரண்டும் சரியில்லை.

திரிலோகி சரின் கோச்சிங் கூடத்தில் அன்று பாடம் நடக்கவில்லை. தகரக் கூரைக்குக் கீழே எண்ணூறு பேர் போனும் பேனாவுமாகக் குனிந்து தங்கள் விடைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். நடைவழியின் ஓரத்தில் தேத்ரிக்கு ஒரு மேசை உண்டு. அதற்குச் சந்தேக மேசை என்று பெயர். வகுப்பில் புரியாததைப் பையன்களும் பெண்களும் வந்து கேட்பார்கள், அவள் விளக்குவாள். அதற்காகச் சர் அவளிடம் கட்டணம் வாங்குவதில்லை. மாதம் கொஞ்சம் கையிலும் கொடுப்பார்.

அவள் கணக்கு நூற்றுப் பன்னிரண்டரையில் நின்றது. தேறுவதற்கான வெட்டெல்லை நூற்றுப் பதின்மூன்றை ஒட்டி இருக்கும் என்று ஊரெல்லாம் பேச்சு. அறுபத்து நான்கு சரியென்றால் ஒரு மதிப்பெண் கூடும், தவறுக்காகக் கழித்த காலும் திரும்பி வரும். நூற்றுப் பதின்மூன்றே முக்கால். அடுத்த முறை இந்தத் தேர்வு நடக்கும்போது அவளுக்கு வயது வரம்பு தாண்டியிருக்கும். அடுத்த முறை என்ற ஒன்று அவளுக்குக் கிடையாது.

“இடம் மாறினா?” என்று மேடையிலிருந்து திரிலோகி சர் மைக்கில் கேட்டார்.

“இரண்டும் இல்லே!” என்று எண்ணூறு குரல்கள் கூரையைத் தட்டின.

அது அவருடைய சூத்திரம். முன்னது முன்னே, பின்னது பின்னே. இடம் மாறினால் இரண்டும் இல்லே. ‘இரண்டில் ஒன்று’ என்று குறிக்க வேண்டுமானால் இரண்டு முடிவுகளிலும் எழுவாயும் பயனிலையும் அதே வரிசையில் இருக்க வேண்டும். கொக்கு–ஆறு என்று ஒன்றும் ஆறு–கொக்கு என்று மற்றதும் இருந்தால் யோசிக்காதே, இரண்டும் இல்லை என்று அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இரு. அவருடைய புத்தகத்தில் ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தது. பட்னாவில் வினாத்தாள் தயாரிப்பவர்களே அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் தயாரிக்கிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. விடைக்குறிப்பைப் பார்த்தால் அது வெறும் பேச்சில்லை என்று தேத்ரிக்குத் தோன்றியது.

மதியம் அவள் சரின் அறைக்குப் போனாள். அவர் அவல் தயிர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“வா தேத்ரி. எவ்வளவு வருது?”

“நூத்திப் பன்னெண்டரை சர். அறுபத்து நாலு தப்பா இருக்கு.”

“உனக்கா?”

“விடைக்குறிப்புக்கு.”

அவர் கரண்டியை வைத்தார். கோபக்காரர் இல்லை அவர். சமஸ்திபூர் பக்கத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து, வாடகை அறையில் பதினோரு பேருக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தவர். தேத்ரியின் குடும்பப் பெயர் என்ன, எந்தத் தெருவில் வீடு என்று கேட்காமல் சேர்த்துக்கொண்ட ஒரே ஆள். அதை அவள் மறந்ததில்லை.

“எந்த ஆறும் கொக்கு இல்லேன்னா, எந்தக் கொக்கும் ஆறு இல்ல. திருப்பினா அர்த்தம் மாறாது சர். அப்ப இந்த ரெண்டு முடிவும் நேருக்கு நேர் எதிர். ஒண்ணு பொய்யானா இன்னொண்ணு நிஜம்.”

அவர் விரலால் மேசைமேல் ஒரு வட்டம் போட்டார், அதற்குள் இன்னொன்று. ஜன்னலுக்கு வெளியே யாரோ ரிக்‌ஷாக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவருக்குப் புரிந்துவிட்டது என்பதை அந்த விரலிலிருந்தே அவள் தெரிந்துகொண்டாள்.

“நம்ம பிள்ளைங்க எத்தனை பேர் நாலுன்னு போட்டிருக்காங்க தெரியுமா? நாலாயிரத்துக்குக் கொறையாது. நீ ஒருத்தி தேற அவ்வளவு பேர் விழணுமா?”

“அவங்க போட்டது தப்பு சர்.”

“நான் சொல்லித்தான போட்டாங்க.”

“ஆமா சர்.”

அந்த ‘ஆமா’ அறையில் அப்படியே உட்கார்ந்துகொண்டது. அவர் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

“ஆட்சேபணை கீட்சேபணைன்னு எதையும் போட்டு வெக்காத. தேர்வுல யாரும் உண்மையைக் கேக்கறதில்லம்மா. வட்டத்தைத்தான் கேக்கறாங்க.”

லாட்ஜில் அவளோடு ஒரே அறையில் இருந்தவள் லவ்லி. இருபத்து நான்கு வயது. வாய் ஓயாதவள். தேத்ரியைத் தீதி, அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அன்று மாலை கடலைமாவும் வெங்காயமும் பிசைந்துகொண்டே தன் கணக்கைச் சொன்னாள். “நூத்திப் பதிமூணே கால்! தீதி, இந்தத் தடவை எங்கப்பா ஊர் முழுக்க லட்டு குடுத்தே ஆகணும்.”

“அறுபத்து நாலுல என்ன போட்ட?”

“நாலு. எல்லாரும் போட்டதுதான். நீங்க?”

“மூணு.”

லவ்லியின் கை மாவில் நின்றது. “ஐயோ தீதி. சந்தேக மேசைல உக்காந்துக்கிட்டு இதுல கோட்டை விட்டீங்களா? இடம் மாறினா இரண்டும் இல்லே!”

தேத்ரி ஒரு தாளை எடுத்து மூன்று வட்டம் வரைந்து அவள் பக்கம் தள்ளினாள். லவ்லி விரலில் மாவோடு பார்த்தாள். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு மெல்ல இறங்கியது.

“ஆட்சேபணை போடப் போறீங்களா?”

“ஆமா.”

“அவங்க திருத்தினா எனக்கு ஒண்ணேகால் போயிடும். நூத்திப் பன்னெண்டு. நான் வெளிய.”

“ஆமா.”

“ஆமான்னு எவ்வளவு சுலபமா சொல்றீங்க! மூணு அண்ணன்களுக்கு அப்புறம் பொறந்தவதான் தேத்ரின்னு பேர் வெப்பாங்க, அவ பிடிவாதக்காரியா இருப்பான்னு எங்கம்மா சும்மாவா சொல்லும். என் இடத்துல நீங்க இருந்தா போடுவீங்களா?”

தேத்ரி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கேள்வியை உள்ளே எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். நான்கு என்று அவள் போட்டிருந்து, அது தவறென்று தெரிந்திருந்தால்? வாயை மூடிக்கொண்டிருப்பேன் என்றுதான் உள்ளிருந்து பதில் வந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தப் பதிலால் கொக்கும் ஆறும் இடம் மாறிவிடவில்லை.

“போட்டிருக்க மாட்டேன்,” என்றாள் கடைசியில். “அப்பவும் மூணுதான் சரியா இருந்திருக்கும்.”

லவ்லி மாவுப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். “சரின்னு எனக்கும் தெரியுது. அதனாலதான் இவ்வளவு கோவம் வருது.”

அவர்கள் அதற்குப் பிறகு இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. ஒரே அடுப்பு, ஒரே வாளி. ஒருத்தி குளித்து முடிக்கும்வரை மற்றவள் வாசலில் நின்றாள். தேத்ரிக்கு அமைதி பழக்கம்தான். ஆனால் இது வேறு அமைதி. இதில் இரண்டு பேர் இருந்தார்கள்.

இந்தச் சில வரிக் கணக்குகள் ஏன் தனக்கு இவ்வளவு பிடித்துப்போயின என்று அந்த இரண்டு நாளும் அவள் யோசித்தாள். அவள் ஊரில் எவரும் கொடுத்ததை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. பெயர் சொன்னால் அப்பன் பெயர் கேட்பார்கள், அப்பன் பெயர் சொன்னால் தெருவைக் கேட்பார்கள், தெருவைச் சொன்னால் தம்ளரைத் தனியாக எடுப்பார்கள். இங்கே அப்படியில்லை. கொக்கு என்றால் கொக்கு. வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து அதன் மேல் போட யாருக்கும் உரிமை கிடையாது. இப்போது ஒரு பெரிய மனிதர் வெளியிலிருந்து கொண்டுவந்து போட்டிருக்கிறார், ஒரு பாட்டை. நாலாயிரம் பேர் அதைப் பாடுகிறார்கள். பாடுகிறவர்களின் எண்ணிக்கை வாக்கியத்தில் எங்கே இருக்கிறது?

ஆட்சேபணைக்குக் கடைசி நாள் காலையில் வகுப்பு நடந்தது. யார் போய்ச் சொன்னார்களோ, திரிலோகி சர் மேடையேறியதும் நேராக நடைவழியைப் பார்த்தார்.

“நம்ம சந்தேக மேசைக்கே ஒரு சந்தேகம் வந்திருக்கு. ஆணையம் தப்பாம், நான் தப்பாம், நீங்க அத்தனை பேரும் தப்பாம். வாம்மா தேத்ரி, வந்து சொல்லு. இவங்களும் தெரிஞ்சுக்கட்டும்.”

கூடம் சிரித்தது. பின் வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்: “தீதி, சீக்கிரம்! கொக்கு பறந்துடும்!” இன்னொருவன், “நாற்காலியோட பறக்கும்டா!” என்றான்.

அவள் எழுந்து போனாள். மைக்கை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. கையில் வாங்கியதும் அது கனத்தது. எண்ணூறு முகங்கள். முன்னால் இடது பக்கம் முதல் இரண்டு வரிசை எப்போதும் பெண்களுக்கு. அதில் ஓரத்தில் லவ்லி, குனிந்த தலையோடு.

“கொக்கு வேணாம்,” என்றாள் தேத்ரி. குரல் முதலில் கீச்சென்று போய்ப் பிறகு தரைக்கு வந்தது. “இந்த முதல் ரெண்டு வரிசையைப் பாருங்க. இந்த வரிசைல இருக்கற யாரும் ஆம்பளை இல்ல. சரியா?”

“சரி!”

“அப்ப இந்தக் கூடத்துல இருக்கற எந்த ஆம்பளையும் இந்த வரிசைல இல்ல. சரியா தப்பா?”

“சரி, சரி!” சிரிப்பு.

“நான் வாக்கியத்தைத் திருப்பிப் போட்டேன். அதனால யாராவது எழுந்து இடம் மாறினீங்களா?”

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

“இப்ப கண்ணை மூடிக்கங்க. வரிசைல யார் இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியாது. நான் ரெண்டு சொல்றேன். ஒண்ணு: இந்த வரிசைல இருக்கறவங்கள்ல சில பேர் ஆம்பளைங்க. ரெண்டு: எந்த ஆம்பளையும் இந்த வரிசைல இல்ல. ரெண்டுமே பொய்யா இருக்க முடியுமா? எப்படி முடியும்னு யாராவது சொல்லுங்க. நான் இறங்கிப் போயிடறேன்.”

மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு பையன் வாயைத் திறந்து மூடினான். ஒருத்தி நோட்டில் வட்டம் வரைய ஆரம்பித்தாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவளும் வரைந்தாள். பின்வரிசைவரை அந்தக் குனிதல் மெதுவாகப் பரவியது. வயல்மேல் மேக நிழல் போவதைப்போல. தேத்ரி அவசரப்படவில்லை. பேசாமல் நிற்பது அவளுக்குக் கைவந்த ஒன்று.

“புத்தகத்துல ஐம்பத்தெட்டாம் பக்கம்...” என்று அவள் ஆரம்பித்தபோது மைக் செத்துப்போனது. மேடைக்கு அருகே சுவரில் இருந்த சுவிட்சின் மேல் திரிலோகி சரின் கை இருந்தது.

“போதும்,” என்றார் அவர், மைக் இல்லாமலே. முகம் சிவக்கவில்லை, வெளுத்திருந்தது. “ஒரு நாள் மேடை ஏறினதும் குருவாயிட்டா. மேசைச் சாவியை ஆபீஸ்ல பிபின்கிட்ட குடுத்துட்டுப் போ. நாளைலேர்ந்து வர வேணாம்.”

“சாவி மேசைலயே இருக்கு சர். பூட்டினதே இல்ல.”

அவள் இறங்கி நடந்தாள். வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நாலு வருடம் அவள் உட்கார்ந்த மேசை. முதல் மாதம் அங்கே உட்கார்ந்தபோது, இனி என்னிடமும் சிலர் வந்து கேட்பார்கள் என்று பெருமையில் தூங்காமல் கிடந்திருக்கிறாள். அழுகை வந்தால் வரட்டும் என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். வரவில்லை. மாலை ஐந்து மணிக்கு ஆணையத்தின் இணையப் பக்கம் மூடிவிடும்.

நகலெடுக்கும் கடையில் இருந்த பெண்மணி படிவத்தைத் திறந்து கொடுத்தார். ஆட்சேபணைக்குச் சான்றாக ஏதாவது அச்சிட்ட புத்தகத்தின் பக்கத்தை இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏற்க மாட்டார்கள். சொந்த மூளை சான்றாகாது. ஹாட்டில் எந்தக் கடையில் எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் அதே பாட்டுத்தான், திரிலோகி சரிடமிருந்து ஒருவரும், அவரிடமிருந்து இன்னொருவருமாக எடுத்து எழுதியது. தேத்ரி பையிலிருந்து எடுத்ததும் சரின் புத்தகத்தைத்தான்.

“இதுல எந்தப் பக்கம்?” என்றார் கடைக்காரம்மா.

“முப்பத்தொண்ணு.”

முப்பத்தொன்றாம் பக்கத்தில், ‘எந்த அ-வும் ஆ அல்ல என்றால், எந்த ஆ-வும் அ அல்ல’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. வாக்கியங்களைத் திருப்பும் பாடம் அது. முதல் மாதத்திலேயே எல்லோரும் படித்துவிட்டுத் தாண்டிப் போகும் பாடம்.

“அதோட ஐம்பத்தெட்டு.”

“ரெண்டும் ஒரே ஆள் எழுதினதுதானே? எதுக்கு ரெண்டு?”

“ரெண்டையும் ஒண்ணா வெச்சுப் பாத்தாத்தான் தெரியும் தீதி.”

காரணம் எழுதும் கட்டத்தில் இருநூறு எழுத்துக்குமேல் போகாது. அவள் நாலு முறை எழுதி அழித்தாள். கடைசியில் இப்படி நின்றது: ‘இணைத்த இரண்டு பக்கங்களும் ஒரே நூலில் உள்ளவை. முப்பத்தொன்று உண்மையானால் ஐம்பத்தெட்டு பொய். முப்பத்தொன்றை மறுப்பவர் யாரும் இல்லை.’ கட்டணம் கட்டி அனுப்பியபோது மணி மூன்றே முக்கால். ஒரு வரவு எண் வந்தது. வெளியே லிட்டி மாவுருண்டை சுடும் அடுப்புகளிலிருந்து புகை. பசித்தது. நின்று இரண்டு சாப்பிட்டாள்.

இறுதி விடைக்குறிப்புக்கு இரண்டரை மாதம் ஆனது. அந்த நாட்களில் அவள் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒரு டியூஷனில் வேலை தேடிக்கொண்டாள். ஹாட்டில் சிலர் அவளைப் பார்த்தால், “இதோ நாலாயிரம் பேர் சாபம் வாங்கினவ,” என்பார்கள். சிலர் ஓரமாக வந்து, “தீதி, ஒரு சந்தேகம்,” என்பார்கள். அவள் இரண்டு தரப்புக்கும் நின்றாள். லவ்லி மறுபடி பேச ஆரம்பித்திருந்தாள், உப்பு எங்கே, தண்ணீர் வந்ததா என்ற அளவில்.

ஒரு முற்பகல் பட்டியல் வந்தது. அறுபத்து நான்குக்கு நேராக மூன்று. வெட்டெல்லை நூற்றுப் பன்னிரண்டே முக்கால்.

லவ்லிதான் முதலில் பார்த்தாள். தேத்ரியின் எண் பட்டியலில் இருந்தது. தன்னுடையது இல்லை. போனைத் தேத்ரியின் கையில் வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். தேத்ரி பக்கத்தில் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அது பொய்யாக இருக்கும், இவளுக்கு இப்போது பொய் வேறு கொடுக்க வேண்டுமா?

“எங்கப்பாகிட்ட என்ன சொல்றது?” என்றாள் லவ்லி.

“முக்கால் மார்க்ல போச்சுன்னு சொல்லு.”

“யாரால போச்சுன்னு கேட்டா?”

“என் பேரைச் சொல்லு.”

லவ்லி அவளை ஒரு பார்வை பார்த்தாள். “உங்க பேர் எதுக்கு? பாடினது நான்.” பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே போனாள். அந்த வார இறுதியில் பிக்னா பஹாடி பக்கம் வேறு லாட்ஜுக்கு மாறிப் போய்விட்டாள். போகும்போது அடுப்பை விட்டுவிட்டுப் போனாள்.

பட்டியல் வந்த நான்காம் நாள் திரிலோகி சர் போனில் கூப்பிட்டார். தேத்ரி சான்றிதழ் நகல்களில் கையெழுத்து வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

“வாழ்த்துக்கள்மா. நம்ம கோச்சிங் பேர் சொல்ற பிள்ளை. சுவரொட்டி அடிக்கறோம், இந்த வருஷம் தேறினவங்க எல்லாரோட முகமும். உன் படம் ஒண்ணு அனுப்பு. மேல் வரிசைல போடச் சொல்றேன்.”

“என் படம் வேணாம் சர்.”

“அன்னிக்கு நடந்ததை இன்னுமா மனசுல வெச்சிருக்க?”

“இல்ல சர். என்னைச் சேத்துக்கிட்டதையும் மனசுல வெச்சிருக்கேன். அது எப்பவும் இருக்கும்.” அவள் ஒரு மூச்சு விட்டுக்கொண்டாள். “படம் தர்றேன். ஒரு நாள் கூடத்துல நின்னு, மைக்கைப் போட்டு, அந்தச் சூத்திரம் தப்புன்னு நீங்களே ஒரு தடவை சொல்லுங்க. அதைப் பாடிப் பாடி விழுந்தவங்க அங்கதான் உக்காந்திருக்காங்க. அடுத்த தேர்வுக்கும் அதையேதான் பாடுவாங்க.”

மறுமுனையில் கூடத்தின் இரைச்சல் மட்டும் பின்னால் கேட்டது. தேத்ரி காத்திருந்தாள். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை, ‘சர், இருக்கீங்களா’ என்றும் கேட்கவில்லை. வரிசை நகர்ந்தபோது அவளும் இரண்டு அடி நகர்ந்தாள்.

“நானூத்துப் பதினோரு முகம் இருக்கு,” என்றார் அவர் கடைசியில், கரகரப்பாக. “ஒண்ணு கொறைஞ்சா யாருக்குத் தெரியும்?”

“உங்களுக்குத் தெரியும் சர்.”

அவர் வைத்துவிட்டார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி கையை நீட்டினார். அவள் நகல்களைக் கொடுத்தாள்.

“பேர்?”

“தேத்ரி குமாரி.”

“குமாரிக்கு அப்புறம் என்ன?”

“அவ்வளவுதான்,” என்றாள் தேத்ரி. “எழுதியிருக்கறது அவ்வளவுதான்.”

அவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அவள் பார்வையை எடுக்கவில்லை. அவர் முத்திரையை மையில் தொட்டு முதல் தாளில் குத்தினார்.